தேவ சித்தத்துக்குக் கீழ்ப்படிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடக் கூடுகைகளிலும், கூடுகை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு வாசலருகே தாழ்ந்த குரலிலும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்டு வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்கள் மாறினார்களே தவிர, கேள்விகள் அதிகம் மாறவில்லை. ஆகையால் கேட்டவர்களின் வார்த்தைகளை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறேன். நான் புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவன் என்பதால் என் சொற்களும் அழுத்தங்களும் அந்தப் பின்னணியிலிருந்தே வருகின்றன. மற்ற சபைகளின் மரபிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. தேவ சித்தம், தேவ சித்தம் என்கிறோமே, அது உண்மையில் என்ன?

தேவனுடைய விருப்பமே தேவ சித்தம். கத்தோலிக்கத் தமிழில் இதைத் ‘திருவுளம்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘உள்ளம்’ இருப்பதால், ஒருவருடைய நெஞ்சில் இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் வேதம் ‘சித்தம்’ என்பதை இரண்டு பொருளில் வழங்குகிறது. குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. மனிதர் எப்படி வாழவேண்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் விருப்பம் ஒன்று. பத்துக் கற்பனைகளும் மலைப் பிரசங்கமும் இதில் அடங்கும். இதை மனிதரால் மீற முடியும், நாள்தோறும் மீறுகிறோம். சரித்திரம் முழுவதையும் அவர் நடத்திச் செல்லும் மறைவான நோக்கம் மற்றொன்று. இதை முறியடிக்கவும் முடியாது, முன்கூட்டி அறியவும் முடியாது. மறைவானவை கர்த்தருக்கே உரியவை என்றும், வெளிப்படுத்தப்பட்டவை நாம் அவற்றின்படி செய்யும்படிக்கு நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்றும் உபாகமம் 29:29 இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. கீழ்ப்படிதல் என்ற பேச்சு முதலாவது வகையைப் பற்றியது.

“உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக” என்று ஜெபிக்கும்படி இயேசு சீஷர்களுக்குக் கற்பித்தார். பூமியில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே அவர் விரும்பியபடியே நடக்கிறது என்றால் இந்த விண்ணப்பத்துக்கு அவசியமே இராது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 10-ஆம் கேள்வியில் இது மிகவும் தேவைப்படும்.

2. கீழ்ப்படிதல் என்றால் வாயை மூடிக்கொண்டு அடங்கிப்போவதுதானே?

‘கீழ்’ என்ற சொல் முன்னால் நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. எபிரெய மொழியில் கீழ்ப்படிதலுக்குத் தனிச்சொல் இல்லை. ‘ஷமா’ என்ற வினையே கேட்பதையும் குறிக்கும், கேட்டபடி நடப்பதையும் குறிக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் ‘கேள்’ என்ற வேரிலிருந்தே பிறந்தது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. “பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை” என்று ஒரு தாய் சொல்லும்போது பிள்ளைக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை.

ஆகவே கீழ்ப்படிதல் காதில் தொடங்குகிறது. சாலொமோன் தேவனிடம் கேட்டதை நம் வேதாகமம் ஞானமுள்ள இருதயம் என்று மொழிபெயர்க்கிறது. எபிரெய மூலத்தில் அது ‘கேட்கிற இருதயம்’. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம்முடைய துறவிகளுக்கு எழுதிய வாழ்க்கை ஒழுங்குநூலின் முதற்சொல்லே ‘கேள்’ என்பதுதான். கேட்கிறவன் திரும்பக் கேள்வியும் கேட்பான். ஆபிரகாம் சோதோமுக்காக வாதாடினார், மோசே ஐந்து முறை சாக்குச் சொன்னார், “இது எப்படியாகும்?” என்று மரியாள் தூதனைக் கேட்ட பிறகே “உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது” என்றார். இவர்களில் ஒருவரையும் வாயடைத்துப்போனவர் என்று சொல்ல முடியாது.

3. இரட்சிப்பு கிருபையினால் என்கிறீர்கள். பிறகு ஏன் கீழ்ப்படியச் சொல்கிறீர்கள்?

வரிசையைக் கவனித்தால் முடிச்சு அவிழும். பத்துக் கற்பனைகள் “நீ செய்யாதிருப்பாயாக” என்று தொடங்கவில்லை. “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே” என்று தொடங்குகின்றன. விடுதலை முதலில், கற்பனை பிறகு. எகிப்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தவர்களிடம், “இந்தப் பத்தையும் கைக்கொண்டால் உங்களை விடுவிப்பேன்” என்று தேவன் பேரம் பேசவில்லை. பவுலும் எபேசியருக்கு எழுதும்போது இதே வரிசையில்தான் எழுதுகிறார்: கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல, அடுத்த மூச்சிலேயே, நற்கிரியைகளைச் செய்கிறதற்குக் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம்.

இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிற போதனையை ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் ‘மலிவான கிருபை’ என்று அழைத்தார். மன்னிப்பு உண்டு, மனந்திரும்புதல் இல்லை. கிருபை உண்டு, பின்பற்றுதல் இல்லை. சொன்னதற்கேற்ப வாழ்ந்த அவர் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தவர். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

4. பயத்தினால் கீழ்ப்படிவதா, அன்பினால் கீழ்ப்படிவதா?

“நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்” என்கிறது யோவான் 14:15. அடுத்த அதிகாரத்தில், இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்லுவதில்லை, சிநேகிதர் என்றேன் என்று இயேசு சொல்லி, காரணத்தையும் தருகிறார்: ஊழியக்காரன் தன் எஜமான் செய்கிறதை அறியமாட்டான். வேதம் சொல்லும் தேவபயம் ஒன்று உண்டு. அது அவருடைய பரிசுத்தத்துக்கு முன்பாக உண்டாகும் நடுக்கம், அடிக்குப் பயப்படுகிற பயத்தோடு அதைச் சேர்த்துவிடக்கூடாது. பயத்தில் தொடங்கியவர்களும் உண்டு, அதனால் அவர்களை யாரும் தள்ளவேண்டியதில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் வருத்தத்துக்குரியது.

5. வேலை, திருமணம், வெளிநாடு போவது, இதிலெல்லாம் எனக்கென்று தேவன் வைத்திருக்கும் சித்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பது வழக்கம்: ஏற்கெனவே தெரிந்த சித்தம் என்ன ஆயிற்று? ‘இதுவே தேவனுடைய சித்தம்’ என்று வேதம் விரல் நீட்டிச் சொல்லும் இடங்கள் உண்டு. நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாக வேண்டும் என்பது 1 தெசலோனிக்கேயர் 4:3. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்பது அதே நிருபம் 5:18. நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பதை அல்லாமல் வேறே என்னத்தைக் கேட்கிறார் என்கிறது மீகா 6:8. எந்த நிறுவனத்தில் சேர்வது என்று நாற்பது நாள் உபவாசித்துக் கேட்கிற ஒருவர், சகோதரனோடு ஆண்டுக்கணக்காகப் பேசாமல் இருக்கிறார் என்றால், தேவன் பேசிவிட்ட காரியம் ஒன்று அவருடைய மேசையில் பிரிக்கப்படாத கடிதமாகக் கிடக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் தெரிவு செய்யவேண்டியவை இருக்கும். ரோமர் 12:2 நம்மைப் ‘பகுத்தறிய’ச் சொல்கிறது. அங்குள்ள கிரேக்கச் சொல், உலோகம் நல்லதா கள்ளமா என்று சோதித்தறிவதற்கும் வழங்கியது. அந்தத் திறமை பழக்கத்தால் வருவது. அப்போஸ்தலர் 16-இல் பவுலின் குழுவினர் ஆசியாவுக்குப் போக நினைக்கிறார்கள், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போக முயல்கிறார்கள், அதுவும் அடைபடுகிறது. துரோவாவில் இரவு ஒரு தரிசனம். அதன் பிறகும் எல்லாருமாக யோசித்து ‘நிச்சயித்துக்கொண்டு’தான் மக்கெதோனியாவுக்குப் புறப்படுகிறார்கள். இரண்டு மூடிய கதவுகள், ஒரு தரிசனம், சேர்ந்து எடுத்த ஒரு முடிவு. அப்போஸ்தலனுக்கே இப்படித்தான் வழி திறந்தது.

தேவன் பல இடங்களில் தெரிவை நம்மிடமே விட்டிருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். விதவையின் மறுமணத்தைப் பற்றி 1 கொரிந்தியர் 7:39-இல் பவுல் எழுதும்போது, தனக்கு இஷ்டமானவரை மணந்துகொள்ள அவளுக்கு விடுதலை உண்டு, கர்த்தருக்குட்பட்டவராக மட்டும் இருக்கவேண்டும் என்கிறார். எல்லை ஒன்றுதான், அதற்குள் அவளுடைய விருப்பத்துக்கு இடம் இருக்கிறது. நல்ல வழிகள் இரண்டு முன்னால் இருக்கும்போது ஒன்றில் மட்டும் தேவன் ஒளிந்திருக்கிறார் என்று அஞ்சி உறைந்துபோக வேண்டியதில்லை.

6. கிதியோனைப் போல அடையாளம் கேட்கலாமா? வேதத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தில் வரும் வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா?

நியாயாதிபதிகள் 6-ஐ முழுவதும் வாசியுங்கள். கிதியோன் அடையாளத்துக்காக மயிருள்ள தோலை இரவுப் பனியில் களத்தில் விரிப்பதற்கு வெகு முன்பே, செய்யவேண்டியது என்ன என்று கர்த்தர் அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவன் அடையாளம் கேட்டது சொன்னதை நம்ப முடியாத பலவீனத்தினால். முதல் நாள் தோல் நனைந்து தரை காய்ந்திருந்தது. அதுவும் போதாமல், மறுநாள் தலைகீழாகக் கேட்டான். தேவன் பொறுமையாக இரண்டு முறையும் செய்தார். அந்தப் பொறுமைக்காக நன்றி சொல்லலாம். அதை ஒரு முறையாக்கிக்கொள்ள அந்த அதிகாரம் நமக்குச் சொல்லவில்லை.

விரல் வைத்து வசனம் எடுப்பதைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது. வேதம் வாசிக்கப்படவேண்டியது, முன்பின் வரிகளோடு. யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப்போட்ட நிகழ்ச்சி அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் உண்டு. இரண்டாம் அதிகாரத்தில் ஆவியானவர் இறங்கிய பிறகு அந்தப் புத்தகத்தில் யாரும் சீட்டுப்போட்டதாக இல்லை.

7. சபைக்கு ஒழுங்காகப் போகிறேன், தசமபாகம் கொடுக்கிறேன், ஜெபிக்கிறேன். இது கீழ்ப்படிதல் ஆகாதா?

ஆகும், மற்றவற்றுக்குப் பதிலாக அவை வைக்கப்படாதவரை. மாற்கு 7-இல் இயேசு ‘கொர்பான்’ என்ற வழக்கத்தை எடுத்துக்காட்டுகிறார். வயதான தாய் தகப்பனுக்குச் செலவிடவேண்டியதை “இது தேவனுக்குக் காணிக்கை” என்று சொல்லிவிட்டால், பெற்றோருக்குக் கொடுக்கவேண்டிய கடமை நீங்கிவிடும் என்று அக்காலத்தில் போதிக்கப்பட்டது. கற்பனையை மீறுவதற்குப் பக்தியே வழியாயிற்று. “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்” என்று சாமுவேல் சவுலிடம் சொன்னதும் இந்த வியாதியைப் பற்றித்தான். ஜெபம் மிகுந்த கைகளைத் தேவன் பாராமல் கண்களை மறைப்பதாக ஏசாயா முதலாம் அதிகாரம் சொல்வதற்குக் காரணம், அந்தக் கைகள் இரத்தத்தால் நிறைந்திருந்ததே.

8. “என் சித்தத்தின்படியல்ல” என்று இயேசுவே சொன்னாரே. அவருடைய சித்தமும் பிதாவின் சித்தமும் வெவ்வேறாக இருந்தனவா?

கெத்செமனே என்ற பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஒலிவமலையடியில் இருந்த அந்தத் தோட்டத்தில் அவர் தரையில் விழுந்து, “அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்” என்று முதலில் கேட்டார். கேட்ட பிறகே, “ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்றார். இதையே மூன்று முறை ஜெபித்தார் என்கிறார் மத்தேயு. ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து பார்த்தார், நண்பர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மரணத்தை விரும்பாமல் ஒதுங்குவது மனித இயல்பு. அது பாவம் அன்று. மெய்யான மனிதராக வந்தவருக்கு அந்த இயல்பும் இருந்தது.

ஏழாம் நூற்றாண்டில் இது சபையில் பெரும் விவாதமாயிற்று. கிறிஸ்துவுக்குத் தேவ சித்தம் ஒன்றுமட்டுமே இருந்தது என்று பேரரசர்களும் பேராயர்களும் சமாதானத்துக்காகச் சொல்லத் தலைப்பட்டார்கள். மாக்சிமஸ் என்ற துறவி இந்த இரவைச் சுட்டிக்காட்டி மறுத்தார். மனித சித்தம் அவருக்கு இல்லையென்றால் மனிதன் சார்பில் கீழ்ப்படிந்தவர் யார் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். 662-இல் அவருடைய நாவையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தினார்கள். அதே ஆண்டில் அவர் இறந்தார். 680-681-இல் கூடிய மூன்றாம் கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கம், கிறிஸ்துவுக்குத் தேவ சித்தமும் மனித சித்தமும் உண்டு, இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. பெரும்பான்மையான சபைகள் இன்றும் இதையே ஏற்கின்றன.

நமக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. “அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டு” என்று எபிரெயர் 5:8 எழுதுகிறது. உங்கள் மனம் ஒன்றை விரும்பி, தேவன் வேறொன்றைக் கேட்கும்போது உண்டாகும் வேதனையை அவர் வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர்.

9. “உமக்குச் சித்தமானால்” என்று சேர்த்து ஜெபித்தால் அது அவிசுவாசம் என்று சிலர் சொல்கிறார்களே?

மேலே 8-இல் பார்த்த ஜெபத்தை அவிசுவாசம் என்று சொல்லத் துணிகிறவர்கள் மட்டுமே இதையும் அப்படிச் சொல்லலாம். அரசன் நேபுகாத்நேச்சார் நிறுத்திய சிலையை வணங்க மறுத்து எரியும் சூளைக்கு முன்னால் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் அவனிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றும் சேர்த்தார்கள். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது.

இதில் மறுபக்கத் தவறும் ஒன்று உண்டு. கேட்கவே பயந்து, ஏமாற்றத்துக்கு முன்னேற்பாடாக “உமக்குச் சித்தமானால்” என்பதை முதல் வார்த்தையாக்கி ஜெபத்தை முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இயேசு கேட்டார், துணிந்து கேட்டார்; அதன் பிறகே ஒப்புக்கொடுத்தார்.

10. என் பிள்ளை செத்துப்போனது தேவ சித்தமா?

இதை ஒரு தாய் என்னிடம் கேட்டபோது அவருடைய கையில் சின்னச் சட்டை ஒன்று நான்காக மடிக்கப்பட்டிருந்தது. அன்று நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்றுவரை வருந்தவும் இல்லை. யோபுவின் நண்பர்கள் செய்த காரியங்களில் சரியானது, ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்ததே. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகு, என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே அவர்களைக் கடிந்துகொள்ளும்படி ஆயிற்று.

இப்போது எழுத்தில் சொல்லவேண்டுமானால், 1-இல் சொன்ன வேறுபாட்டுக்கே திரும்புகிறேன். தேவன் அனுமதித்த எல்லாமே அவருடைய உள்ளம் விரும்பியவை என்று வேதம் சொல்வதில்லை. லாசரு உயிரோடு எழும்புவான் என்று அறிந்திருந்த இயேசுவே அவனுடைய கல்லறையருகே கண்ணீர் விட்டார். மரணத்தை ‘கடைசிச் சத்துரு’ என்கிறது 1 கொரிந்தியர் 15:26. சத்துருவை யாரும் தம் விருப்பம் என்று அழைப்பதில்லை. சீலோவாமின் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, “அப்படியல்ல” என்றார் இயேசு. ஆகவே பெற்றோரின் பாவத்துக்கான தண்டனை என்றோ, விசுவாசக் குறைவின் விளைவு என்றோ யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதை நீங்கள் சுமக்கவேண்டியதில்லை.

தீமையிலிருந்தும் தேவன் நன்மையைப் பிறப்பிக்கிறார் என்பதும் உண்மை. ஆனால் “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்று சொன்னவர், சகோதரரால் குழியில் தள்ளப்பட்ட யோசேப்பே, அதுவும் பல ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை பாடுபட்டவருக்கே உண்டு. பக்கத்தில் நிற்கிறவர் அதை அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்கக்கூடாது.

11. கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் என்று பிரசங்கிக்கிறார்கள். நான் உண்மையாக இருந்து நஷ்டம்தான் பட்டேன்.

உபாகமம் 28 கீழ்ப்படிதலோடு செழிப்பை இணைக்கிறது, உண்மைதான். அது ஒரு ஜாதியாரோடு தேவன் செய்த உடன்படிக்கையின் மொழி. தனிமனிதர் ஒவ்வொருவருக்கும் இதே கணக்கு என்றால், சொல்லச் சொன்னதைச் சொல்லி உளையில் இறக்கப்பட்ட எரேமியாவை எங்கே வைப்பது? எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாசத்தினால் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களையும், விசுவாசத்தினால் வாளால் அறுப்புண்டவர்களையும் ஒரே மூச்சில் எண்ணுகிறது. சிலுவையின் மரணபரியந்தம் கீழ்ப்படிந்தவருக்குக் கீழ்ப்படிதல் கொண்டுவந்து சேர்த்தது சிலுவையையே. உயர்வு அதற்குப் பிறகு வந்தது. உங்கள் நஷ்டம் நீங்கள் தவறு செய்ததற்கு அடையாளம் அன்று.

12. ஆபிரகாமிடம் மகனைப் பலியிடச் சொன்னாரே? இன்று ஒருவர் “தேவன் சொன்னார்” என்று கொடுமை செய்தால் என்ன சொல்வது?

ஆதியாகமம் 22-ஐ நடுங்காமல் வாசிப்பவர் அதைச் சரியாக வாசிக்கவில்லை என்பதே என் எண்ணம். மூன்று நாள் நடை, விறகைச் சுமக்கும் பிள்ளை, “தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே” என்ற கேள்வி. பிள்ளைகளைப் பலியிடுவது சுற்றியிருந்த ஜாதிகளிடம் காணப்பட்ட காலம் அது. அந்தக் கதை போய்ச் சேரும் இடம், “பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே” என்ற தடையும், புதரில் சிக்கியிருந்த ஆட்டுக்கடாவும். பிற்காலத்தில் யூதா ஜனங்கள் தங்கள் பிள்ளைகளை அக்கினியில் தகனித்தபோது, அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியா 7:31-இல் கர்த்தர் சொல்கிறார். விசுவாசத்தின் சோதனை என்ற அளவில் இந்த நிகழ்ச்சி எனக்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது. எளிய விளக்கம் ஒன்றை நான் கற்றுக்கொடுப்பதில்லை.

ஆனால் இன்றைய கேள்விக்குத் தயக்கமில்லாத பதில் உண்டு. வெளிப்படுத்தப்பட்ட சித்தத்துக்கு விரோதமாக வரும் எந்தக் ‘குரலும்’ தேவனுடையதன்று. எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள் என்கிறது 1 யோவான் 4:1. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும்படி ஒரு குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அன்புள்ள செயல்.

13. எங்கள் போதகர் “இது உனக்குத் தேவ சித்தம்” என்று சொல்லிவிட்டார். மறுத்தால் கீழ்ப்படியாமையா?

1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்கு அந்த ஊரில் அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே என்ற கட்டளை இருந்தது. ராஜா விருந்துக்கு அழைத்தபோது அவன் அசையவில்லை. ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, “தூதன் என்னோடே பேசினான், உன்னை அழைத்துவரச் சொன்னான்” என்று பொய் சொன்னபோதோ, போய்ச் சாப்பிட்டுவிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. அரசனின் அதிகாரத்துக்கு மசியாதவனைப் பக்தியின் குரல் விழத்தட்டியது.

நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள் என்று எபிரெயர் 13:17 சொல்வதும் வேதமே. ஆலோசனையை அலட்சியம் செய்வது நல்லதன்று. ஆனால் பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், அதற்காகப் பாராட்டவும்பட்டார்கள். எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று தீரு பட்டணத்துச் சீஷர்கள் ஆவியின் ஏவுதலினால் பவுலிடம் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டு, போகவே செய்தார். கீழ்ப்படிதலுக்குப் பெயர்போன பெனடிக்டின் ஒழுங்கிலேயே 68-ஆம் அதிகாரம், தாங்கமுடியாத கட்டளை இடப்பட்டால் துறவி தக்க நேரத்தில் பொறுமையாகத் தன் இயலாமையை எடுத்துச் சொல்ல இடம் தருகிறது. பணம், திருமணம், உடல் ஆகியவற்றைக் குறித்து ஒருவர் தேவனுடைய பெயரால் உங்களை நெருக்கி, “யாரிடமும் கேட்காதே” என்றும் சொல்வாரானால், அந்தக் கடைசி வார்த்தையே போதுமான எச்சரிக்கை.

14. அரசாங்கத்துக்கும் பெற்றோருக்கும் கணவருக்கும் கீழ்ப்படியச் சொல்கிறதே வேதம். அவர்கள் சொல்வது தவறாக இருந்தால்?

ரோமர் 13 அதிகாரத்தை மதிக்கச் சொல்கிறது. “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்கிறது அப்போஸ்தலர் 5:29. ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட கட்டளையை மீறிய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் தேவனுக்குப் பயந்தவர்கள் என்று பேர்சொல்லிப் பாராட்டப்படுகிறார்கள். அந்தப் பார்வோனின் பேரை யாத்திராகமம் எழுதிவைக்கவில்லை.

குடும்பத்தைப் பற்றி எபேசியர் பேசுவதற்கு முன்னால் 5:21 நிற்கிறது: தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள். கணவனுக்கு அங்கே இடப்படும் அளவு, சபைக்காகத் தம்மையே கொடுத்த கிறிஸ்துவின் அன்பு. அடி வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பது தேவ சித்தம் என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு இந்தப் பகுதி யாருக்கும் உரிமை தரவில்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போவது கீழ்ப்படியாமை அன்று.

15. மனமே இல்லாமல், வேண்டாவெறுப்பாகச் செய்தால் அது கணக்கில் வருமா?

இயேசு சொன்ன உவமையில் ஒரு மகன் “மாட்டேன்” என்றான், பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான். மற்றவன் “போகிறேன் ஐயா” என்றான், போகவில்லை. தகப்பனுடைய சித்தத்தின்படி செய்தவன் யார் என்ற கேள்விக்குக் கேட்டவர்களே “மூத்தவன்” என்றார்கள். வேலை செய்யப்பட்டது, அது மெய்.

ஆனாலும் யோனாவைப் பாருங்கள். நினிவேக்குப் போகச் சொன்னால் தர்ஷீசுக்குக் கப்பலேறினார். இரண்டாம் முறை போய்ப் பிரசங்கித்தார். நகரம் மனந்திரும்பியதும் கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே உட்கார்ந்தார். கால்கள் கீழ்ப்படிந்துவிட்டன, நெஞ்சு இன்னும் தர்ஷீசில் இருந்தது. தேவன் அவரைத் தள்ளிவிடாமல், நிழலுக்கு ஓர் ஆமணக்குச் செடியை முளைக்கப்பண்ணி, உட்கார்ந்து பேசுகிறார். அந்தப் புத்தகம் தேவனுடைய கேள்வி ஒன்றோடு முடிகிறது. யோனாவின் பதில் அதில் இல்லை. விருப்பமும் அவரிடமிருந்தே வரவேண்டும் என்பதைப் பிலிப்பியர் 2:13 சொல்கிறது. நீர் கட்டளையிடுவதை முதலில் தாரும், பிறகு நீர் விரும்புவதைக் கட்டளையிடும் என்று பழங்காலச் சபையின் ஆயர் அகுஸ்தீன் ஜெபித்ததும் அதனால்தான்.

16. ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். தேவன் எனக்கு வைத்திருந்த திட்டத்தைக் கெடுத்துவிட்டேனா?

பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், குளிருக்கு மூட்டிய கரிநெருப்பின் அருகே நின்று பேதுரு மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவரைச் சந்தித்தபோது அங்கேயும் கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது, அதன்மேல் மீனும் அப்பமும் இருந்தன. அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அதே புகையின் மணத்தில், மூன்று மறுப்புக்கும் ஈடாக, “என்னை நேசிக்கிறாயா” என்று மூன்று முறை கேட்டார். “ஏன் அப்படிச் செய்தாய்” என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அதன் பிறகு ஆடுகளை மேய்க்கும் வேலையை அவரிடமே கொடுத்தார்.

ஒரே ஒரு தவறினால் குலைந்துபோகும் அளவுக்குத் தேவனுடைய திட்டம் மெல்லியதன்று. இஸ்ரவேலர் ராஜாவைக் கேட்டதைத் தம்மைத் தள்ளினதாகவே கர்த்தர் எடுத்துக்கொண்டார். பின்பு அந்த ராஜபீடத்தின் வழியிலேயே தாவீதின் குமாரனை அனுப்பினார். பாவத்தின் விளைவுகள் நீங்காமல் இருக்கலாம். திரும்பி வரும் வழி அடைபடுவதில்லை. தனியாகப் போராடாதீர்கள் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி யாக்கோபு 5:16 சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

17. மற்றவர்களுக்கு இவ்வளவு கடினமாக இல்லையே. என்னிடம் மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறார்?

அதே கடற்கரையில், அதே காலையில், பேதுருவும் இதைத்தான் கேட்டார். முதிர்வயதில் உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்று இயேசு அவருக்கு வரப்போகும் மரணத்தைச் சொல்லி முடித்திருந்தார். பேதுரு திரும்பிப் பார்த்தார். பின்னால் யோவான் வந்துகொண்டிருந்தார். “ஆண்டவரே, இவன் காரியம் என்ன?” என்றார்.

யோவானுக்கு என்ன நடக்கும் என்பதை இயேசு சொல்லவில்லை. “உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா” என்றார்.